புளி போட்டுத் தேய்த்த விமானம்

என் அப்பா ஒரு ஹரிக்கேன் போர் விமானத்தை மெரினா மணலில் இறக்கி, இன்ஜினை அணைக்காமலே சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பியவர். கிளம்பும்போது கலங்கரை விளக்கத்தை மூன்று சுற்று சுற்றினார். நாகேஸ்வர ராவ் பூங்காவில் இதை நான் சொன்னபோது, என்னோடு நடக்க வரும் ஒருவர் மடக்கப் பார்த்தார்.

"ஓய் கபாலி, அந்த லைட்ஹவுஸ் கட்டினதே எழுபத்தேழுல. உம்ம அப்பா பறந்தது நாற்பத்திநாலுல."

"அதனாலதான் ஓய் இடிச்சுக்காம தப்பிச்சார்" என்றேன்.

அதற்கப்புறம் அவர் என்னிடம் வருஷக் கணக்குப் பேசுவதில்லை.

இன்னொரு தடவை அப்பாவுக்கு பிரேக் பிடிக்கவில்லை. அடையாறு ஆலமரத்தின் விழுது ஒன்றை எட்டிப் பிடித்து விமானத்தை நிறுத்தினார். அந்த விழுது இன்றைக்கும் மற்றவற்றைவிடச் சாண் அளவு நீளமாகத் தொங்குகிறது, போனால் பார்க்கலாம். ஜப்பான்காரன் ஒருவனைத் துரத்திக்கொண்டு போனபோது, பாலவாக்கம் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் தாழ்வாக இறங்கி, "எந்தப் பக்கம் போனான்?" என்று வழி கேட்டுக்கொண்டு மேலே ஏறினார். இப்படி என்னிடம் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. எனக்கு எண்பது வயது. அறுபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். சொல்லும்போது நான் சிரிப்பதில்லை. அதுதான் முக்கியம்.

சொல்லாமல் விட்டவையும் உண்டு. அப்பாவின் பெயர் வைத்தியநாதன். விமானப் படையில் ஃபிட்டர். விமானத்தை ஓட்டவில்லை, அடிபட்டு வந்த விமானங்களுக்கு ஒட்டுப் போட்டார். ஹரிக்கேனுக்குப் பின்பாதி உடம்பு வெறும் துணி. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, சுண்டலை நம்புகிறார்கள். மீனம்பாக்கத்தில் கொஞ்ச காலம் இருந்தார், அப்புறம் பர்மா எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கே மலேரியாவில் போய்விட்டார். அப்போது நான் பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஆக, நான் அப்பாவைப் பார்த்ததில்லை. பார்த்தவள் என் அக்கா விசாலாக்ஷி. அவளுக்கு எண்பத்தாறு வயது. என் மனைவியும் போய், அத்திம்பேரும் போனபிறகு, நாங்கள் இரண்டு பேரும் மாட வீதிக்குப் பின்னால் ஒரு இரண்டாம் மாடி ஃபிளாட்டில் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம்.

அக்காவிடம் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கிறது. நாலரை வயதில் மீனம்பாக்கத்தில் அப்பா அவளை ஒரு ஹரிக்கேனுக்குள் தூக்கிக்கொண்டுபோய் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். விமானம் பறக்கவில்லை. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இருநூறு வைத்திருக்கிறவனுக்கு ஒன்று வைத்திருக்கிறவள்மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் அவள் கல்யாணம். நலங்கின்போது மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க, அவள் ஆசையாக இதைச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஓர் இடத்தில் நான் புகுந்து ஒரு கிண்டல் அடித்தேன். பந்தலே சிரித்தது. எனக்குப் பதினாலு வயது, பந்தல் சிரித்தால் போதும் என்கிற வயது. அக்காவும் சிரித்தாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் அந்த ஞாபகத்தை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் கதைகள் ஊரில் பெருகப் பெருக, அவளுடைய அந்த ஒன்றும் அவற்றோடு சேர்ந்துபோயிற்று. "கபாலியோட அக்கா கூட ஒண்ணு சொல்லுவாளே, மடியில ஒக்காந்துண்டு போனேன்னு" என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொள்வார்கள். அவள் போனேன் என்று சொன்னதே இல்லை.

போன ஆவணியில் அக்காவின் பெண் ஸ்ரீரஞ்சனி அடையாற்றிலிருந்து வந்தாள். பாட்டு வாத்தியார், சொல்வதை ஒரு தரம்தான் சொல்வாள்.

"தி.நகர்ல ஒரு கண்காட்சி வைக்கறா. யுத்தகாலத்து ஏரோப்ளேன் பத்தி. மெட்ராஸ்ல யார் யார் ஆத்துல ஞாபகம் இருக்கோ, வந்து கேட்டு எழுதிண்டு போறாளாம். நான் அம்மா பேரைக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஆள் வருவார்."

இரண்டு நாள் கழித்து, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கபாலி, நான் போயிட்டா அப்பா மடியில ஒக்காந்தவான்னு லோகத்துல ஒருத்தரும் இருக்கமாட்டா. ஒரு தடவை, ஒரே ஒருத்தர், நம்பி எழுதிண்டு போகட்டும். அன்னிக்கு நீ வாயைத் திறக்காதே."

"திறக்கலை" என்றேன்.

எனக்கு உறுத்தியது. வாயைத் திறக்காமல் உதவி செய்ய ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது. அங்கேதான் வினை.

அப்பாவின் பெட்டி பர்மாவிலிருந்து வந்தபோது அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. உடைந்துபோன ஏதோ ஒரு விமானத்திலிருந்து அவர் கழற்றி வைத்துக்கொண்டது, நம்பர் பொறித்திருந்ததாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் தொட்ட பொருள் என்று சுவாமி அலமாரியில் வைத்தாள். சுவாமி அலமாரியில் இருக்கிற பித்தளை மங்கலாக இருக்கலாமா? வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தாள். அம்மாவுக்குப் பிறகு அக்கா தேய்த்தாள். எண்பது வருஷத்து வெள்ளிக்கிழமைகள். இப்போது அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ யந்திரத் தகடு என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நம்பர் மட்டும் போன இடம் தெரியவில்லை.

வாடகை நூலகம் ஒன்றில் ஒரு பழைய விமானப் புத்தகம் பார்த்து, ஹரிக்கேன் நம்பர் ஒன்றைச் சீட்டில் எழுதிக்கொண்டேன். தகட்டை வேஷ்டி மடிப்பில் வைத்துக்கொண்டு தி.நகருக்கு பஸ் ஏறினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நடத்தும் ஒரு பாத்திரக் கடை வாசலில், பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷினோடு முத்தம்மா உட்கார்ந்திருப்பாள்.

"யாரு பேருய்யா போடணும்?"

சீட்டை நீட்டினேன்.

"வெறும் நம்பரா? யாருக்குக் குடுக்கீய? கல்யாணமா, பால் காய்ச்சா?"

"விமானத்துக்கு."

"ஏரோப்ளேனுக்கா?" தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சின்னதா இருக்கே."

"மீதி ஆத்துல இருக்கு."

அவளும் சிரிக்கவில்லை. எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. மெஷின் டர்ரென்று ஓடியது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து சுவாமி அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆறு மணிக்கே கடுகு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்குக் கண்காட்சி ஆள் வந்தான், பெயர் ஜைத். முப்பத்தைந்து வயதிருக்கும். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மற்ற நேரமெல்லாம் பழைய விமானம். கடையில் கூரையிலிருந்து பதினோரு விமானப் பொம்மைகள் தொங்குகின்றனவாம். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எழுத்தைப் படிப்பதை விட்டுவிட்டு அவற்றையே பார்க்கிறார்கள் என்று அவனே சொன்னான்.

"நீங்கதானா கபாலி சார்? பார்க்குல உங்களப் பத்தி சொன்னாங்க. சுண்டல் வாங்கின ஏரோப்ளேன் உங்களுதுதானே?"

"என்னுது இல்லை. அப்பாவோடது."

அக்கா என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஜைத் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். என் கதைகள் அவனுக்கு முன்னாலேயே வந்து எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன.

நான் ஒரு வார்த்தை பேசாமல் தகட்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சார், இத எங்க வெட்டினீங்க?"

"இங்கிலாந்துல."

"புள்ளி புள்ளியா கீது சார். எங்கம்மா சொம்புல இதே கைதான். தி.நகர்தானே?" தகட்டைக் கொஞ்சம் சாய்த்தான். "அப்பால நம்பருக்கு மேல பிள்ளையார் சுழி போட்டுக்கீது. எந்த இங்கிலீஷ்காரன் சார் பிள்ளையார் சுழி போட்டு பிளேன் பண்ணுவான்?"

வாங்கிப் பார்த்தேன். அழகான சுழி. முத்தம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. எதை எழுதினாலும் முதலில் அதைப் போட்டுப் பழகிய கை.

"மங்களகரமா இருக்கட்டும்னு..." என்றேன்.

"மாமா!" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

அக்கா அந்தத் தகட்டை என் கையிலிருந்து வாங்கினாள். அதைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியவள் அவள். அந்தப் புள்ளிகள்மேல் விரலை ஓட்டிவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை.

ஜைத் நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல சார். கண்காட்சியில 'ஊர்க் கதைங்க'ன்னு ஒரு போர்டு கீது. உங்க சுண்டல், ஆலமரம் எல்லாம் அதுல ஜோரா போட்டுர்லாம். அம்மா எதுனா சொன்னாங்கன்னா, அதையும் அதுலயே..."

"வேண்டாம்பா" என்றாள் அக்கா. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

அப்போது அவன் போன் அடித்தது. மணி இல்லை, பாட்டு இல்லை. ஒரு பழைய விமான இன்ஜின் உயிர் பிடிக்கிற சத்தம். கைப்பிடிச் சுவரில் இருந்த காக்காய் பறந்துவிட்டது. அவன் அவசரமாக அணைத்தான்.

"இன்னொரு தரம் போடு" என்றாள் அக்கா.

போட்டான். அவள் பாதி எழுந்த வாக்கில் நின்று கேட்டாள்.

"முதல்ல இப்படித்தான் இருமித்து. அப்புறம்தான் ஒரே சீரா வந்துது. வால் மேல ரெண்டு பேர் ஒக்காந்துண்டா, தூக்கிடாம இருக்கணும்னு."

ஜைத் மாட்டிக்கொண்ட பையைக் கழற்றிக் கீழே வைத்தான். "அப்பால இன்னா ஆச்சு, சொல்லுங்கம்மா."

அக்கா உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஐம்பத்தொன்பதாம் வருஷத்துப் பந்தல் முழுவதும் இருந்தது.

"அவ்வளவுதான்பா" என்றாள்.

ஸ்ரீரஞ்சனி எழுந்து என் முன்னால் நின்றாள். "மாமா, உள்ள போய்க் காபி போடுங்கோ."

"எனக்குக் காபி போடத் தெரியாதே."

"தெரியாட்டா பாலை வெச்சுண்டு நில்லுங்கோ."

போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன். எங்கள் ஃபிளாட்டில் சமையலறையில் நின்றால் கூடத்தில் பேசுவது கூடத்தைவிட நன்றாகக் கேட்கும். முதலில் மின்விசிறி மட்டும். அப்புறம் அக்காவின் குரல் வந்தது, மெதுவாக.

"எனக்குக் கொலுசு தொளதொளன்னு இருந்துது. அப்பா மடியில ஒக்காந்துண்டு காலை ஆட்டிண்டே இருந்தேனா, ஒண்ணு கழண்டு விழுந்துடுத்து. எடுக்கலாம்னு குனிஞ்சேன். கீழ தரையே இல்லை."

இந்த இடம்தான். பந்தலில் அவள் இதைச் சொன்னபோது நான் கேட்டேன்: "தரை இல்லேன்னா, அப்பா காலை ரோட்டுல ஊணித் தள்ளிண்டே போனாரா?" வாண்டுகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். தரையில்லாத விமானம் என்று அவளுக்குக் கொஞ்ச காலம் பட்டப்பெயரே இருந்தது. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, கூடத்தில் சிரிப்புச் சத்தம் வருவதற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

"தரை இல்லேன்னா?" ஜைத்தின் குரல் மாறியிருந்தது. "ஓட்டையாம்மா?"

"ஓட்டை இல்லை. காலை வெச்சுக்க ரெண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி ரெண்டு தகடு. நடுவுல ஒண்ணுமே கிடையாது. கீழ இருட்டா, குழாய் குழாயா எங்கேயோ போறது. கொலுசு அதுக்குள்ள போயிடுத்து. இன்ஜின் நின்னப்புறம் அப்பா கையை விட்டுத் துழாவிப் பார்த்தார், அகப்படலை. அம்மா அடிப்பாளேன்னு அழுதேன். 'அழாதேடி, மேல போய் ஒரு கரணம் அடிக்கும்போது சலங்கை கட்டிண்டு ஆடும், விடு'ன்னார்."

"இத உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? எதுனா புக்குல...?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுப்பா. யார் சொல்லணும்? நான்தான் பார்த்தேனே."

எட்டிப் பார்த்தேன். ஜைத் நாற்காலியிலிருந்து இறங்கி அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஹரிக்கேன்ல தரை கெடையாதும்மா" என்றான். "டில்லி மியூசியத்துல ஒண்ணு நிக்குது. நான் கயித்துக்கு மேல தலைய வுட்டுப் பார்த்தேன், வாட்ச்மேன் சட்டையப் பிடிச்சி இழுத்துட்டான். காலுக்கு ரெண்டு பள்ளம், அவ்ளோதான். எது வுழுந்தாலும் வயித்துக்குள்ள போயிடும். எங்க ஆளுங்கள்ல பாதி பேருக்கு இது தெரியாதும்மா. படத்துல தெரியாது. உள்ள ஒக்காந்தவங்களுக்குத்தான் தெரியும்."

போனில் எதையோ தேடிப் பெரிதாக்கிக் காட்டினான். அக்கா அதைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இதோ, இந்த ஓரமா விழுந்துது" என்றாள். திரையில் விரல் பட்டுப் படம் ஓடிவிட்டது. "ஐயோ, போயிடுத்தே." அவன் மறுபடியும் கொண்டுவந்தான்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

காபி இல்லாமல் கூடத்துக்கு வந்தேன். ஜைத் படிவத்தை எடுத்து எழுதிக்கொண்டிருந்தான். "அப்பா பேரு வைத்தியநாதன். பைலட். பைலட்டுங்க லிஸ்ட்டு எங்ககிட்ட கீதும்மா. பேர ஒத்துப் பார்த்துட்டா நேரா மெயின் ஹால்லயே வெச்சிருவோம்."

அக்கா திருத்தவில்லை. ஸ்ரீரஞ்சனி அம்மாவைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூட, ஒருவரிடம்கூட, என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. இப்போதும் கொடுக்கமாட்டாள். அந்தப் பட்டியலில் அப்பா பெயர் இருக்காது. அக்காவின் கொலுசு என் சுண்டலுக்குப் பக்கத்தில் ஊர்க் கதைகள் பலகையில் போய்த் தொங்கும்.

"பைலட் இல்லை" என்றேன். "ஃபிட்டர். இன்ஜின் பார்க்கறது, துணிக்கு ஒட்டுப் போடறது. ஒரு நாள்கூடப் பறந்ததில்லை."

ஜைத் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சார், இது இன்னா, புதுக் கதையா?"

"நெஜம்."

"பிள்ளையார் சுழி போட்டதையும் இங்கிலாந்துன்னுதானே சொன்னீங்க?"

"சத்தியமா நெஜம்ப்பா."

அவன் நம்பவில்லை. பேனாவை மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். நானும் அக்காவைப் பார்த்தேன். என் வயதில் ஒருவன் தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தைக்குச் சாட்சி தேடி நிற்கக் கூடாது. நின்றேன்.

"அவன் சொல்றது சரிதான்பா" என்றாள் அக்கா. "ஃபிட்டர்தான். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான். அவன் முகம் தெளிந்தது. "அதான பார்த்தேன்! பைலட்டு கொழந்தய மடியில வெச்சிக்கினு இன்ஜின் போடமாட்டான். ஃபிட்டர்தான் ஒக்காந்து ஓட்டிப் பார்ப்பான், அது அவன் வேல. இப்பதான் எல்லாம் சரியா ஒக்காருது." அடித்துவிட்டு எழுதிய இடத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். வி-யில் ஆரம்பித்து அவள் முடிக்கும்வரை படிவத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் போனான். அவனை வழியனுப்ப ஸ்ரீரஞ்சனியும் கீழே இறங்கினாள். அக்கா பட்டுப் புடவையோடு அதே நாற்காலியில் இருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். அடுப்பைத் துடைக்க வேண்டும் என்று சொல்ல நினைத்து, வேறொன்றைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அப்பா எப்படி இருந்தார்?"

"இத்தனை வருஷமா ஏண்டா கேக்கலை?"

"நீ சொல்லலையே."

"நீ எங்கே சொல்லவிட்டே?"

அது நியாயம். அவள் யோசித்தாள்.

"முகம் ஞாபகம் இல்லைடா. நான் முன்னால ஒக்காந்திருந்தேன், அவர் பின்னால. எப்படித் தெரியும்? ஆனா குனிஞ்சு எதையோ திருகினார் பாரு, அப்போ அவர் மோவாய் என் தலையில குத்தித்து. ரெண்டு மூணு நாளா க்ஷவரம் பண்ணிக்கலை போலருக்கு. சொரசொரன்னு."

"எந்த இடத்துல?" என்று கேட்டேன்.

அவள் ஒற்றை விரலைத் தூக்கி, உச்சந்தலையில், வகிட்டுக்கு இடது பக்கம் வைத்துக் காட்டினாள்.